அரசு லேப்டாப்புக்கு யார் ஓஎஸ் போடுவது? தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, அதன் கீழ் இயங்கும் எல்காட் (தமிழ்நாடு மின்னணு நிறுவனம்), தமிழ் இணையக் கல்விக்கழகம், மின் ஆளுமை முகமை.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு, கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருளான (ஓஎஸ்) விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும் நிறுத்தியிருந்தது. இந்தத் தேதிகள் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் ஊர் ஊராகக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. அவை இருக்கிற வீடுகளில் இந்தத் தேதிகளைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டுத் திண்ணையை அடைத்து டிடிபி கடை வைத்திருக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், பட்டா மனு, காதுகுத்து ஃபிளெக்ஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று ஓடுகிற பிழைப்பு. கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பெயர் விழுந்துவிட்டதால், கூலி வருகிற வேலையைவிட, "யக்கா, இது ஆன் ஆக மாட்டேங்கு, கொஞ்சம் பாரேன்" என்று வருகிற வேலைதான் அதிகம். அப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை அரசு கொடுத்தவை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைத்த திட்டம். பத்தாண்டுக்குள் சுமார் 50 லட்சம் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு அந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். திட்டத்தை யார் கொண்டுவந்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்கிற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். கணினி வந்தது, வீட்டில் இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

அன்று வாங்கின பிள்ளைகள் இப்போது முப்பதைத் தொட்டுவிட்டார்கள். கோயம்புத்தூரிலும் துபாயிலும் வேலை. அவர்களுக்கு வேறு லேப்டாப் வந்தாயிற்று. பழையது அம்மாவிடம் தங்கிவிட்டது. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே கிடக்கும். கீல் ஒரு பக்கம் விட்டிருக்கும். விசைகளில் அதிகம் அடிபட்ட எழுத்துகள் தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். இருந்தாலும் மகளிர் குழுக் கணக்கும், பேரப்பிள்ளை படங்களும், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற இளையவனின் வீடியோக்களும் அதில்தான் இருக்கின்றன.

எதிர்வீட்டு மதினி கதையைச் சொல்கிறேன். அதில் புதுமை எதுவும் இல்லை, அதனாலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

மகள் பிளஸ் டூவில் வாங்கிய மடிக்கணினி. மகள் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் மதினிதான் அதில் குழுக் கணக்கைப் போட்டுவந்தார். ஓடியது விண்டோஸ் 7. கணக்கு எழுதுகிறவரை ஒரு குறையும் இல்லை. வில்லங்கம் பிரவுசரில் வந்தது. விண்டோஸ் 7-க்கான குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதன்பிறகு ஒவ்வொரு தளமாக, உங்கள் பிரவுசர் பழசு என்று வாசலிலேயே நிறுத்த ஆரம்பித்தது. குழுவுக்குக் கடன் விண்ணப்பம் அனுப்பவேண்டிய நாளில் பக்கம் பாதியில் வெள்ளையாக நின்றது. "டவுனுக்குக் கொண்டுபோய் புது ஓஎஸ் போட்டுட்டு வந்திருதேன்" என்று கிளம்பிவிட்டார்.

நான் வெளியூர் போயிருந்த நேரம். டவுனில் ஒரு கடை. "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும், டென் போட்டுத் தாரேன், எழுநூறு ரூவா" என்றிருக்கிறார்கள். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை அழிப்பது. உள்ளே என்ன இருக்கிறது, எதை எடுத்து வைக்கவேண்டும் என்று கேட்கவில்லை. பில் கிடையாது. போட்டுக் கொடுத்ததும் முறையான லைசென்ஸ் உள்ள விண்டோஸ் இல்லை; கொஞ்ச நாளில் திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய் என்ற சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக்டிவேட் செய்ய அவர்கள் உள்ளே விட்டுவைத்திருந்த குட்டி நிரல் வேறு என்னென்ன செய்துகொண்டிருந்ததோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

இதில் என் வயிறு எரிவது வேறு காரணத்துக்கு. முறையான விண்டோஸ் 7 இருந்த கணினியை இலவசமாக 10-க்கு உயர்த்திக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்த சலுகை 2016 ஜூலை 29-ல் முடிந்ததாக அறிவிப்பு. நடைமுறையில் அந்தக் கதவு 2023 செப்டம்பர் வரை திறந்தே கிடந்தது. பழைய சாவியைப் போட்டால் 10 ஏற்றுக்கொண்டது. விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். மதினிக்குச் சொல்ல ஆள் இல்லை. ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் எழுநூறு ரூபாயும் மிச்சம், திருட்டு நிரலும் வந்திருக்காது.

சரி, 10 வந்தது. 2 ஜிபி ரேமிலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் அது என்ன பாடுபடும் என்று உங்கள் பொறியாளர்களைக் கேளுங்கள். பொத்தானை அமுக்கிவிட்டு மதினி அடுக்களைக்குள் போய்க் குழம்புக்கு அரைத்துவிட்டு வருவார். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். ஒன்றும் திறக்காமலேயே. பின்னால் அப்டேட் இறங்குகிறது, வைரஸ் தேடல் ஓடுகிறது, இடம் போதாத ரேம் டிஸ்க்கைப் போட்டுப் பிராண்டுகிறது. அந்தக் கணினி கெட்டுப்போகவில்லை. அதன்மேல் ஏற்றின சுமை அதற்கானது இல்லை, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான ஒரு எஸ்எஸ்டியும், கூட ஒரு ரேமும் போட்டால் அதே கணினி நிமிர்ந்து உட்காரும். அதையும் கடைக்காரர் சொல்லவில்லை. புது லேப்டாப் விற்பதில்தானே அவருக்கு லாபம்.

அடுத்து நடந்ததுதான் வீட்டில் சண்டையாகிவிட்டது. மதினியின் வீட்டுக்காரர், எங்கள் அண்ணாச்சி, கோயில் கொடைக்காகச் சுடலைமாடன் வில்லுப்பாட்டுக் கதையைப் பெரிய பாட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு உட்கார்ந்து அடித்து வைத்திருந்தார். பாமினி எழுத்துருவில். நல்லவேளையாக அது டி டிரைவில் இருந்ததால் ஃபார்மட்டில் போகவில்லை. ஆனால் கோப்பைத் திறந்தவர் போட்ட சத்தம் என் திண்ணைவரை கேட்டது. "கதை பூராவும் இங்கிலீஷா ஆயிப்போச்சு!"

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் அடித்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று தெரிகிற இடத்தில் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டால் எழுத்துரு போய்விடும், போர்வை விலகிவிடும். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் கதை திரும்பிவிடும் என்பது தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர்கள் அழித்தே விட்டார்கள். அப்படி அழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தீர்மானம், சங்க விதிமுறை, பாட்டனார் எழுதிய குடும்ப வரலாறு, என்னவெல்லாமோ.

எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் (ஒருங்குறியில்) அடித்தவர்களும் தப்பவில்லை. எக்ஸ்பி காலம் தொட்டு நாமெல்லாம் பழகிய லதா எழுத்துரு விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் கூடவே வருவதில்லை. விருப்ப வசதிகள் என்கிற பட்டியலுக்குள் போய், தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தேடி இறக்கவேண்டும். கோப்பு படிக்கக் கிடைக்கும். ஆனால் வேறு எழுத்துரு ஏறிக்கொண்டு வரி ஓடி, பக்கம் புரண்டு, அட்டவணை கலைந்து கிடக்கும். மனு அச்சடிக்கிற என் போன்றவர்களுக்கு இது நாளெல்லாம் தலைவலி.

1999-ல் தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியதும் 2010-ல் யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றதும் தமிழ்நாடு அரசுதான். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றுகிற மென்பொருளை இலவசமாகவே கொடுத்திருக்கிறது. நல்ல வேலை. அப்படி ஒன்று இருப்பது வில்லுப்பாட்டு அடிக்கிற அண்ணாச்சி வரைக்கும் வந்து சேரவில்லை.

இனி விண்டோஸ் 11. 10 முடிந்துவிட்டது, 11-க்குப் போங்கள் என்று முழுத்திரையில் அறிவிப்பு வருகிறது. போகலாமா என்று பார்த்தால், இந்தக் கணினி தகுதியற்றது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கேட்பதைக்கூட விடுங்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் செயலி (புராசஸர்) என்றால் ஒன்றிரண்டு விலக்கு நீங்கலாக 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும். நீங்கள் 2011-லும் 2014-லும் கொடுத்தவை அந்தக் கோட்டுக்கு அருகிலேயே வராது. எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டி, எவ்வளவு சீராட்டினாலும் சரி.

அந்தச் சில்லு வீண் என்று நான் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பூட்டும் சாவியை அது தனியாகக் காப்பாற்றுகிறது. திருடுபோன லேப்டாப்பிலிருந்து தகவலை எடுப்பது கடினமாகிறது. வங்கி மேலாளரின் லேப்டாப்புக்கு அது தேவைதான். குழுக் கணக்கு எழுதுகிற மதினியின் லேப்டாப்புக்கும் அது இல்லாவிட்டால் கிடையாது என்றால், பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த நிபந்தனையே பாதுகாப்பில்லாத பழைய ஓஎஸ்ஸில் அவரை நிறுத்தி வைக்கிறது. 2023 டிசம்பரில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10 முடிவால் உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கணக்கிட்டது.

தம்பிமார்கள் யூடியூபைப் பார்த்துவிட்டு, ரூஃபஸ் என்கிற நிரலால் சோதனைகளைத் தாண்டுகிற பென் டிரைவ் செய்து 11-ஐ ஏற்றிக் காட்டுகிறார்கள். ஏறும். ஆனால் ஆதரவற்ற கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, அது கேட்கிற சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய செயலிகள் உள்ள கணினிகள் பூட் ஆகவே மாட்டேன் என்று நின்றன. அதோடு, 2 ஜிபி ரேமில் 10-க்கே மூச்சு வாங்கும்போது 11-ஐ ஏற்றுவது யாருக்காக?

10-லேயே இருந்துகொண்டு கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு வழி அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அவர்கள் கிளவுடில் ஒத்திசைக்கலாம். அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி சேர்த்திருந்தால் கொடுக்கலாம். மதினிக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு என்பதே புதுச் செய்தி. இருக்கிற ஒரே மின்னஞ்சல் மகள் தொடங்கிக் கொடுத்தது. ஓடிபி திருப்பூரில் மில்லுக்குள் இருக்கிற போனுக்குப் போகும். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அதன்பின் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில், ஒத்திசைக்கவேண்டும் என்கிற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கணக்கு ஒன்று இருந்தால் போதும், காசு இல்லை. அழுத பிள்ளை பால் குடித்தது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது உங்கள் அரசு. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்டால், கேட்காமலா போவார்கள்?

அந்த நிறுவனத்தோடு எனக்கு வழக்கு இல்லை. பழையதை நிறுத்திப் புதியதை விற்பது அவர்கள் தொழில். என் கேள்வி கொடுத்தவரிடம்தான். ஏனென்றால் 2011-ல் நீங்கள் கொடுத்தபோது அந்தக் கணினிக்குள் இரண்டு ஓஎஸ் இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று விண்டோஸ் 7. மற்றது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ், லினக்ஸ் என்கிற இலவச ஓஎஸ்ஸின் ஒரு வகை. அதைக் கொடுத்த கையோடு கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை. எங்கள் பள்ளியில் அந்த இரண்டாவது வரியைத் தொட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதன்முதல் ரிப்பேருக்குப் போனபோதே கடைக்காரர் அந்தப் பகுதியை அழித்து விண்டோஸோடு சேர்த்துவிட்டார், இடம் நிறைய வருமே என்று. இன்றைய சிக்கலுக்கான விடை அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது.

லினக்ஸ் என்றதும் சண்டைக்கு வருகிற இரு தரப்பையும் அறிவேன். லினக்ஸ் அன்பர்கள் என்னை மன்னிக்கவேண்டும்: "டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி" என்று நீங்கள் தொடங்குகிற இடத்திலேயே மதினி எழுந்து போய்விடுவார். லினக்ஸால் ஆகாது என்பவர்களுக்கும் ஒன்று. குழுக் கணக்குக்கும், மனு அடிக்கவும், வீடியோ பார்க்கவும், இணைய விண்ணப்பம் போடவும் அது தாராளமாகப் போதும். அப்டேட்டும் காசில்லாமல் வரும். டாலி வைத்திருப்பவருக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை செய்பவருக்கும் இதைச் சொல்லமாட்டேன். என் கடையிலேயே பத்திரிகை வடிவமைக்கிற கோரல்டிராவுக்காக விண்டோஸ்தான் ஓடுகிறது. யாருக்கு எது ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் ஐடி@ஸ்கூல் காலத்திலிருந்து பள்ளிகளில் லினக்ஸ்தான். இப்போது கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து, மலையாளம், பாடக் கருவிகள், அலுவலக மென்பொருள் எல்லாம் சேர்த்துத் தன் பெயரிலேயே ஒரு பதிப்பு வெளியிடுகிறது. ஆசிரியரும் பயன்படுத்தலாம், வீட்டில் இருப்பவரும் இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து கல் மலைதாண்டினால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் நடக்கிற காரியம். நமக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2007 வாக்கிலேயே எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது.

வீட்டுக் கணினியில் ஓஎஸ் மாற்றுவது ஏன் எரிச்சலான வேலை என்றால், ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு தினுசு. இதில் வைஃபை எடுக்காது, அதில் சத்தம் வராது, இன்னொன்றில் டச்பேட் அசையாது. டிரைவர் தேடியே பொழுது போகும். உங்கள் கணினிகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது! ஒரே மாடல் லட்சக்கணக்கில் வாங்கினீர்கள். எந்த ஆண்டு, எந்த நிறுவனம், எந்த மாடல், என்ன செயலி, ரேம் எவ்வளவு வரை கூட்டலாம் என்ற விவரம் எல்லாம் உங்கள் டெண்டர் கோப்புகளில் வரிசையாக இருக்கிறது. மாடலுக்கு ஒன்றாகச் சோதித்து வேலை செய்கிற நிறுவல் கோப்பு ஒன்றைச் செய்துவிட்டால், அது அந்த மாடல் வைத்திருக்கிற அத்தனை வீட்டுக்கும் பொருந்தும். உலகத்தில் வேறு எவருக்கும் கிடைக்காத வசதி இது. தனி ஆளாக நான் செய்தால் ஒரு தெருவுக்குத்தான் ஆகும்.

அந்தக் கோப்பில் தமிழ்99 விசைப்பலகை தயாராக இருக்கட்டும். பாமினி, வானவில் பழக்கத்தில் தட்டச்சு செய்கிறவர்களுக்குப் பழைய அமைப்பும் இருக்கட்டும். கை பழகியதை ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். கல்விக்கழகத்தின் எழுத்துரு மாற்றி இணையம் இல்லாமலே ஓடும்படி உள்ளேயே வேண்டும். அலுவலக வேலைக்கு இலவச லிப்ரே ஆஃபீஸ் போதும். தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலாக உள்ள பிரிண்டர்களுக்கு டிரைவரும் சேர்த்துவிடுங்கள்; ஓஎஸ் மாற்றியவர்கள் திரும்ப விண்டோஸுக்கு ஓடுவது பெரும்பாலும் பிரிண்டரால்தான்.

செய்வது எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. இறக்கிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டு விலகிக்கொண்டால் ஒருவரும் வரமாட்டார்கள். பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் ஹார்ட்வேர் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்; அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது; ஊருக்கு ஊர் இ-சேவை மையம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் முகாம் போட்டு, கணினியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: உள்ளே இருப்பதை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து காட்டி, "எல்லாம் இருக்கு" என்று வீட்டுக்காரர் வாயால் சொன்னபிறகுதான் ஃபார்மட். கடைக்காரர்கள் செய்யாதது அதுதான். முடியுமானால் அதே முகாமில் எஸ்எஸ்டியும் ரேமும் அடக்க விலைக்குக் கொடுங்கள். ஓட முடியாத நிலையில் உள்ளதை அங்கேயே வாங்கிக்கொண்டு, 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பிவிடலாம். இப்போது அவை பழைய இரும்பு வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன, ஹார்ட் டிஸ்க்கில் ஆதார் நகலோடு.

புதிதாக வாங்குகிற மடிக்கணினிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், பிந்திச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால். விண்டோஸ் 11 ஹோமின் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதம்தான் அப்டேட். அடுத்த பதிப்புக்குத் தாவிக்கொண்டே இருக்கவேண்டும். அதை மாணவரிடம் கொடுக்கும்போதே தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். 24எச்2 முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கப்படுகிற பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. ஏதாவது மாற்றத்தின்போது கணினி நின்று, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி மாணவரின் கணக்குக்குள் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் மறந்திருக்கும். மூன்றாண்டுப் படிப்பும் அந்தப் பூட்டுக்குள் போய்விடும். சேர்க்கிற நாளிலேயே சாவியை ஒரு தாளில் எழுதிச் சான்றிதழ் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் அரை மணி நேர வேலை.

இரண்டாவது ஓஎஸ் ஒன்றும் உள்ளே இருக்கவேண்டும். இந்தமுறை அதற்கு ஒரு வகுப்பும் இருக்கவேண்டும். டெண்டரில், எத்தனை ஆண்டு அப்டேட் வரும், ரேமும் டிஸ்க்கும் கழற்றி மாற்றக்கூடியவையா என்ற இரண்டு கேள்வியைச் சேருங்கள். ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிட்ட மலிவு மாடல்களை வாங்கினால், பத்தாண்டு கழித்து இன்னொரு டிடிபி கடைக்காரி உங்களுக்கு இதே மடலை எழுதவேண்டியிருக்கும்; அப்போது ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லவும் வழியிருக்காது.

கூடுதல் அப்டேட் முடிகிற 2026 அக்டோபர் 13-க்கு முன்னால் பெரிதாக எதுவும் முடியாது என்றால், அந்த ஒரு தாளையாவது போடுங்கள். ஏ4 அளவு, தமிழில். உங்கள் மடிக்கணினி இந்த மாடலா, இதற்கு இதுதான் பொருந்தும். படங்களையும் கணக்கையும் முதலில் இப்படி நகல் எடுங்கள். எழுத்துகள் ஆங்கிலமாகத் தெரிந்தால் அழிக்காதீர்கள், இந்த எழுத்துருவைப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எண்ணில் எடுத்துப் பேசுகிறவர் தமிழில் பேசட்டும், "சிஸ்டம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதற்கு மேல் ஏதாவது தெரிந்தவராக இருக்கட்டும். தாளை வடிவமைக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கூலி இல்லாமல் செய்து தருகிறேன். யூனிகோடிலேயே.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டத்து டிடிபி கடைக்காரி ஒருத்தி